படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களும் பறிகொடுத்தார்கள்

"வாலட் எச்சரித்தது, இவர் படிக்காமல் கன்ஃபர்மை அழுத்திவிட்டார், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" கிரிப்டோவில் பணத்தைத் தொலைத்தவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல் இதுதான். இந்த வாதம் நிற்க மூன்று விஷயங்கள் உண்மையாக இருக்க வேண்டும். திரையில் காட்டுவதும் கையெழுத்தாவதும் ஒன்றாக இருக்க வேண்டும். காட்டுவது படித்தால் புரிய வேண்டும். புரியும்படி எச்சரித்தும் மக்கள் மதிக்காதவர்களாக இருக்க வேண்டும். மூன்றுமே ஆட்டம் காண்கின்றன.

முதலாவதைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதரை இழந்தது. ஒருவர் அல்ல, பலர் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டிய வாலட் அது. தலைமைச் செயல் அதிகாரி பென் ஜோவும் கையெழுத்திட்டார். அவர்கள் பயன்படுத்திய 'சேஃப்' தளத்தின் டெவலப்பர் ஒருவருடைய கணினிக்குள் புகுந்தவர்கள், திரைக்கு வரும் நிரலையே மாற்றியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது வழக்கமான பணமாற்றம். கையெழுத்தானதோ வாலட்டின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் ஆணை. வடகொரிய ஹேக்கர்களின் வேலை என்றது எஃப்பிஐ. இதில் படிக்காமல் அழுத்தியவர் யார்?

அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 18 அன்று நம் நாட்டுக் கிரிப்டோ பரிமாற்றத் தளமான வஸீர்எக்ஸ் 23 கோடி டாலருக்கு மேல் இழந்த கதையும் இதே வகை. திரையில் தெரிந்ததும் கையெழுத்தானதும் வேறு வேறு என்றது வஸீர்எக்ஸ். தன் தளத்தில் குறையில்லை என்றது வாலட் சேவை தந்த லிமினல். இருவரும் மாறி மாறிக் கைகாட்ட, கணக்குகள் முடங்கின. அப்படி முடங்கியவற்றில் ஒன்றுக்காகத்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்தே என்று சொல்லி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. வழக்குத் தொடுத்தவர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ; திருடுபோனவை வேறு வகை டோக்கன்கள். எதிலும் கையெழுத்திடாதவருக்கும் இதுதான் நிலைமை.

"அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், சாதாரண ஆள் நிதானமாகப் படித்தால் போதும்" என்பார்கள். எதைப் படிப்பது? 'அப்ரூவ்' என்று ஒரு தளம் கேட்கும்போது பெரும்பாலும் அது கேட்பது உங்கள் டோக்கன்களை எடுக்க உச்சவரம்பில்லாத அனுமதி. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிற வட்டிக்காரர் செய்வதும் அதுவே. 'பெர்மிட்' என்ற கையெழுத்து வகை இன்னும் மோசம்: பரிவர்த்தனைக்கான கேஸ் கட்டணம் இல்லை, அந்த நேரத்தில் பிளாக்செயினில் எதுவும் பதிவாவதில்லை, லாகின் செய்வது போலவே தோன்றும். இப்படிக் கையெழுத்துகளைப் பறிக்கும் 'டிரெய்னர்' கும்பல்களிடம் 2024இல் மட்டும் சுமார் 49 கோடி டாலர் போனதாகக் கிரிப்டோ மோசடிகளைக் கண்காணிக்கும் ஸ்கேம் ஸ்னிஃபர் கணக்கிட்டது.

பணம் அனுப்பும் முகவரி விஷயமும் அப்படித்தான். 42 எழுத்துகளில் தலையையும் வாலையும் மட்டும் காட்டி நடுவைப் புள்ளிகளால் மறைப்பது வாலட். பிறகு "முழுதும் சரிபார்த்திருக்கலாமே" என்பதும் அதே ஆட்கள். தலையும் வாலும் ஒத்த போலி முகவரியைப் பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்துவிட்டுக் காத்திருந்தவருக்கு 2024 மே மாதம் ஒருவர் 1,155 பிட்காயின் டோக்கன்களை அனுப்பிவிட்டார். சரியான முகவரிக்குச் சிறு தொகை அனுப்பிய பிறகு நடந்தது அது. (அதில் பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது, எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை.)

மக்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை என்ற மூன்றாவது வாதத்துக்கு 2013இலேயே பதில் கிடைத்துவிட்டது. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளின் இரண்டரைக் கோடி எச்சரிக்கைகளை ஆய்வாளர்கள் அக்காவேயும் ஃபெல்ட்டும் ஆராய்ந்தார்கள். பாதுகாப்புச் சான்றிதழ் கோளாறு என்ற எச்சரிக்கையைக் குரோமில் சுமார் 70 விழுக்காடு தாண்டிப் போனார்கள்; ஃபயர்பாக்ஸில் 33 விழுக்காடுதான். மோசடித் தள எச்சரிக்கைகளை மீறியது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. சொல்லும் விதம் மாறினால் கேட்பவரும் மாறுகிறார்.

வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களான சீட் ஃப்ரேஸை யாரிடமோ சொல்லிவிட்டவர், இரட்டிப்பு ஆசையில் அனுப்பியவர் ஆகியோரின் பங்கை நான் மறுக்கவில்லை. பரிவர்த்தனையை முன்கூட்டி ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனும் ஏமாறக்கூடியதே. சோதனை நடப்பதைக் கண்டுபிடித்து நல்லபிள்ளையாக நடிக்கும் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் இயங்கும் நிரல்) சாத்தியம் என்று 2023இல் வாலட் நிறுவனமான ஜென்கோ காட்டியது. ஆனால் "இந்த முகவரி உங்கள் யுஎஸ்டிடி முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று ஒரு வாக்கியத்தில் சொல்வது சிரமமான தொழில்நுட்பம் இல்லை. அதற்கென ஈஆர்சி-7730 என்ற வரையறையும் 2024 முதல் இருக்கிறது. விளக்கம் தராத கான்ட்ராக்டுக்குக் கையெழுத்துப் பொத்தானையே காட்டாமல் விடுவது வாலட் செய்பவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.