வாயிலில் நிற்கும் தமிழ்

பட்டம் பெற்றபின் என்ன என்னும் வினா இன்று ஒவ்வோர் இல்லத்திலும் எழுகின்றது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூன் திங்களில் நடத்திய தொகுதி 4 தேர்வுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தகுதியே போதுமான அத்தேர்வுக்குப் பட்டதாரிகளும் திரளாக வருகின்றனர்.

அத்தேர்வின் 300 மதிப்பெண்களுள் சரிபாதி, 150, தமிழுக்குரியவை. அதில் 60 பெறாதவரின் பொது அறிவு விடைகள் மதிப்பிடப்படுவதேயில்லை. 2007இல் முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் இவ்வாயிலைக் கடந்தவர்க்கே பயன்தரும்.

ஆயினும் நம் மாணவர் பலர் தமிழைத் தேர்ச்சிக்குரிய ஒரு தாளாக மட்டுமே கருதுகின்றனர். அவர்களை மட்டும் நோவானேன்? ஆசிரியராகிய நாமும் குறிப்புகளை எழுதவைத்து, தேர்ச்சி விழுக்காடு கண்டு மனநிறைவு கொண்டோம். ஒற்று மிகுமிடம் அறியாப் பட்டதாரி உருவானதில் நமக்கும் பங்குண்டு.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் மகனுக்கு விசாவும் மகளுக்கு மணநாளும் தேடற்க. இருவர்க்கும் ஈராண்டு அவகாசம் தருக. ஜமாஅத்துதோறும் ஓர் அறை, ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்ப் பாடநூல்கள், அன்றாட நாளிதழ்கள் ஆகியன போதும், பெருஞ்செலவு வேண்டா.

மாணவச் செல்வங்களே! மூன்றாம் ஆண்டின் இறுதியில் அன்று, முதலாண்டிலேயே தொடங்குங்கள். மாலைதோறும் ஒரு மணி நேரம் இலக்கணம் கற்பிப்பது இனி நம் கடன். வாயில் திறந்தே உள்ளது. அதன் திறவுகோல் நம் தாய்மொழி.