தொட்டிலில் உறங்குவது குழந்தையா, பகுத்தறிவா?

“ஐயோ, என் கண்ணே! அம்மாடா, அம்மா! என்னைத் தெரியவில்லையா?”

இரவு பதினொரு மணி. ஊர் அடங்கிவிட்டது. அந்த வீட்டில் மட்டும் விளக்கெரிகிறது. ஐந்து வயதுச் சிறுவன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வாய் அலறுகிறது, சொல் இல்லை. உடலெல்லாம் வியர்வை. தாய் அள்ளி அணைக்கிறாள். அவளையே உதைத்துத் தள்ளுகிறான். சில நிமிடங்கள்தாம். பிறகு சாய்கிறான், உறங்கிவிடுகிறான். காலையில் கேட்டால், “எனக்கொன்றும் தெரியாதே!” என்று சிரிக்கிறான்.

சிறுவன் மறந்துவிட்டான், வீடு மறக்கவில்லை. “காத்துக் கருப்பு அண்டிவிட்டது! உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் விளையாட விட்டாயே, நீயும் ஒரு தாயா?” என்று மாமியார் தீர்ப்பு வழங்குகிறார். மறுநாள் பூசாரி வருகிறார். வேப்பிலை அடி, விபூதி வீச்சு, இடுப்பிலே மந்திரித்த கயிறு, கழுத்திலே தாயத்து, தட்டிலே ஐந்நூற்றொரு ரூபாய்! சில மாதங்கள் செல்கின்றன. அலறல் குறைகிறது, பின்னர் நின்றும்விடுகிறது. “பார்த்தீர்களா, தாயத்தின் மகிமையை!”

பார்த்தோம் தோழர்களே, நன்றாகவே பார்த்தோம்! சேவல் கூவியது, பொழுது விடிந்தது. ஆகவே சேவல்தான் கதிரவனை இழுத்து வந்தது என்னும் கணக்கல்லவா இது?

அந்தச் சிறுவனைப் பிடித்தது பேயுமல்ல, பிசாசுமல்ல. ‘இரவு அச்சம்’ என்று மருத்துவர் அதற்குப் பெயர் வைத்திருக்கின்றனர். உறங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், மிக ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளையின் ஒரு பகுதி விழித்துக் கொள்கிறது. மற்றொரு பகுதி விழிக்க மறுக்கிறது. அந்த இழுபறிதான் அலறல். காய்ச்சலும் களைப்பும் உறக்கக் குறைவும் அதைத் தூண்டும். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருந்தால் போதும். வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளை அது தானே விட்டு நீங்கும். தானே நீங்கும் தொல்லைக்குத் தட்சணை வாங்குவதைவிட ஆதாயமான தொழில் உலகில் உண்டோ?

இதே உலகில் இன்னொரு தகப்பனும் இருந்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி. தம் எட்டு வயது மகனின் கண்ணோரத்திலும் தலையிலும் மின்கம்பிகளைப் பொருத்தி, அவன் உறங்கும்போது பழைய கருவி ஒன்று தாளில் கிறுக்கிய கோடுகளை இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தார். கோடுகள் திடீரெனத் துள்ளின. மகன் விழித்துக்கொண்டானோ என்று எண்ணிச் சென்று பார்த்தால், பையன் உறங்கிக்கொண்டுதான் இருந்தான். மூடிய இமைக்குள் விழிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன! தம் ஆசிரியர் கிளைட்மனுடன் சேர்ந்து 1953ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். உறக்கம் என்பது வெறும் இருட்டறையன்று, அதற்குள் பல படிகள் உண்டு என்று உலகம் தெளிவு பெற்றது.

அங்கும் தகப்பன், இங்கும் தகப்பன். அங்கும் பிள்ளையின் உடலில் ஒரு கம்பி, இங்கும் பிள்ளையின் உடலில் ஒரு கயிறு. அந்தக் கம்பி “ஏன்?” என்று கேட்டது. இந்தக் கயிறு “கேளாதே!” என்று கட்டியது.

“நாங்கள் படித்தவர்கள், தாயத்துக் கட்டுவதில்லை” என்கிறது நகரத்து மாடிவீடு. மகிழ்ச்சி. ஆனால் அலமாரியிலே அது என்ன புட்டி? சளிக்கு வாங்கிய பாகுமருந்து! சளி போய் மாதமாகிறது. பாகு மட்டும் போகவில்லை. “ஒரு மூடி கொடுத்தால் விடிய விடியத் தூங்குகிறான்” என்று பக்கத்து வீட்டுக்குப் பரிந்துரையும் நடக்கிறது. அத்தகைய மருந்துகளுள் ஒன்றான புரோமெத்தசினை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கி உயிர் போகக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004ஆம் ஆண்டிலேயே கட்டமிட்டு எச்சரித்தது. படித்த கண்ணுக்கு அந்தக் கட்டம் தெரியவில்லை!

புட்டியின் வரலாறு நீண்டது, கொடியது. இங்கிலாந்தில் ஆலைகள் புகை கக்கிய காலத்தில், வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளுக்கு ‘காட்ஃபிரேஸ் கார்டியல்’ என்ற அபினிப் பாகு ஊட்டப்பட்டது. ஏங்கெல்ஸ் 1845இல் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய நூலில் அந்தக் கொடுமையைக் குறித்திருக்கிறார். அமெரிக்காவில் 1849இலிருந்து ‘மிசஸ் வின்ஸ்லோ’ என்ற பெயரில் ஒரு பாகு விற்றது. விளம்பரப் படத்திலே தாயின் புன்னகை; புட்டியிலே, அவுன்சுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் மார்பின்! உறங்கிய குழந்தைகளிற் சில மீண்டும் விழிக்கவேயில்லை. உள்ளே இருப்பதை உறைமேல் எழுத வேண்டும் என்று 1906இல் சட்டம் வந்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனைக் குழந்தைக் கொல்லி என்றே பழித்தது. அதன் பிறகும் பல்லாண்டு அந்தப் பெயரில் புட்டி விற்றது.

நம் நாடு மட்டும் தப்பியதா? பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள், தறிமுன் நிற்கும் நேரமெல்லாம் பிள்ளை அழாதிருக்க, அபினி கலந்த ‘பால கோலி’ என்னும் உருண்டையைக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாருக்கு நெஞ்சில் ஈரமில்லையா? ஈரம் இருந்தது, ஆலையில் குழந்தைக் காப்பகம்தான் இல்லை! பாலூட்ட ஓய்வில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, விடுப்பெடுத்தால் கூலியில்லை. அபினியை ஊட்டியது தாயின் கை. அந்தக் கையை அசைத்தது முதலாளியின் மணி.

இன்று புட்டி போய் மிட்டாய் வந்திருக்கிறது. மெலட்டோனின் என்பது இருட்டைக் கண்டு மூளையிலுள்ள பினியல் சுரப்பி தானே சுரக்கும் பொருள். ஏல் பல்கலைக்கழகத்து ஆரன் லெர்னர் 1958இல் மாட்டின் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இப்போது அதையே சர்க்கரைப் பாகில் தோய்த்து, மென்று தின்னும் வில்லையாக்கி விற்கிறார்கள். அமெரிக்காவில் 25 வகை வில்லைகளைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் 22இல் உறைமேல் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது வேறு! ஒன்றில் மெலட்டோனினே இல்லை. வேறொன்றில் எழுதியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மெலட்டோனினை விழுங்கிவிட்ட குழந்தைகளைப் பற்றி அந்நாட்டு நச்சு முறிவு மையங்களுக்கு வந்த செய்திகள் 2012இல் 8,337; 2021இல் 52,563. பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் இரண்டு குழந்தைகள் மாண்டார்கள் என்பதும் உண்மை.

மருந்தே வேண்டாம் என்பதன்று நம் வாதம். ஆட்டிசம் போன்ற நிலையுள்ள சில குழந்தைகளுக்கு, மருத்துவர் அளவறிந்து, நாளறிந்து மெலட்டோனின் கொடுக்கிறார், பயனும் கிடைக்கிறது. அது மருத்துவம். கடைக்காரர் சொல்லி வாங்குவது தாயத்து! கயிற்றில் தொங்கினால் என்ன, புட்டியில் ததும்பினால் என்ன? காரணத்தைக் கேளாமல் கட்டுவதும் ஊட்டுவதும் ஒரே மூடத்தனத்தின் இரு முகங்களே.

ஏனெனில், உறங்காத குழந்தை ஒரு வினா எழுப்புகிறது. இரவில் ஆசனவாயைச் சொறிந்து சிணுங்குகிறதா? கீரிப்பூச்சியாக இருக்கலாம், மருத்துவர் தரும் பூச்சி மாத்திரையில் தீரும். வாயைத் திறந்து குறட்டை விடுகிறதா? தொண்டைச் சதை வளர்ந்து மூச்சை அடைக்கலாம். கால்களை ஓயாமல் அசைக்கிறதா? உடலில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கலாம். பிறந்து சில வாரங்களேயான பச்சிளங்குழந்தையா? அதற்கு இரவும் பகலும் இன்னும் பிரிந்து தெரியவில்லை. இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் தெரியும். அப்படி எந்த நோயும் இல்லையா? எட்டு மணி வரை கைப்பேசியின் ஒளியைக் கண்ணில் கொட்டிவிட்டு, எட்டரைக்கு “தூங்கு!” என்று மிரட்டுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கை, மங்கிய விளக்கு, ஒரு கதை, ஒரு தாலாட்டு. இவற்றுக்கு விலையில்லை, அதனால்தான் விளம்பரமும் இல்லை!

இவ்வளவையும் செய்வது யார்? இங்கேதான் தம்பி, உன்னிடம் ஒரு சொல். நீ பகுத்தறிவாளன். தாயத்தைக் கண்டால் நகைப்பாய். மேடையேறிப் பெண்ணுரிமை பேசுவாய்; கைத்தட்டலும் பெறுவாய். நள்ளிரவில் வீடு திரும்பி, “பிள்ளையை அழாமல் பார்த்துக்கொள்; எனக்குக் காலையில் கூட்டமிருக்கிறது” என்று கூறிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொள்கிறாயே, அதற்கு என்ன பெயர்? பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் விழித்த பெண்ணொருத்தி, பூசாரியின் கயிற்றையோ கடைக்காரரின் புட்டியையோ நாடினால், அவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏச உனக்கு உரிமை ஏது? பூசாரி அவள் வீட்டுக்குள் நுழைந்தது கதவு வழியாக அன்று. நீ உறங்கிய உறக்கத்தின் வழியாக!

அறியாமை மட்டுமல்ல தம்பி, அயர்ச்சியும் மூடநம்பிக்கையின் தாய்தான். அந்த அயர்ச்சியில் பாதியை நீ சுமந்தால், பூசாரிக்கும் புட்டிக்கும் அந்த வீட்டில் வேலை இராது.

ஆகவே இன்றிரவு குழந்தை அழுதால் நீ எழு. தொட்டிலை ஆட்டு. அழுகை எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு தாளில் குறி; பத்து நாள் குறித்த அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல். வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கேட்டுக் குரல் கொடு. அவள் ஓர் இரவாவது கண்மூடி உறங்கட்டும்.

குழந்தை உறங்கட்டும், தாயும் உறங்கட்டும். விழித்திருக்க வேண்டியது நம் அறிவு!