அழகா, பயனா?

1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவான சான்ட்ரோ என்னும் சிறிய காரை விற்பனைக்கு விட்டது. நீளம் குறைந்து உயரம் மிகுந்த அதன் தோற்றத்தைப் பலர் எள்ளினர், பெட்டி என்றனர்.

நகைத்தோர் உட்புறத்தை நோக்கவில்லை. கூரையும் இருக்கையும் உயர்ந்தமையால், மூட்டுவலியுடைய முதியவர் உடலை மடக்காமல் ஏறி அமர முடிந்தது. நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டரே ஆதலின், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் குறுந்தெருக்களில் எளிதில் திரும்பவும் நிற்கவும் இயன்றது.

உயரம் மிகுந்தால் வளைவுகளில் ஊர்தி சாயும் என்பர். உண்மையே, விரைந்து செல்வோர்க்கு அது குறைதான். ஆயினும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் குடும்பத்திற்கு, விரைவினும் இடவசதியே பெரிது.

2014இல் நின்ற சான்ட்ரோ, 2018இல் மீண்டும் வந்து 2022இல் விடைபெற்றது. எனினும் அவ்வடிவம் தோற்கவில்லை. அதனையொத்த உயர்ந்த உருவுடன் 1999இல் வந்த மாருதி வேகன் ஆர் இன்றும் விற்பனையில் உள்ளது.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஊர்தி வாங்கும்போது, அண்டை வீட்டார் கண்ணுக்காக வாங்காதீர்கள். பாட்டியை ஒருமுறை ஏற்றி அமர்த்திப் பாருங்கள். அவர் முகம் சொல்லும் தீர்ப்பே சரியான தீர்ப்பு.