கரடியூருக்கு இருவர்

"மூன்று நாள் மலையில் நடக்கலாம்" என்று நான் பிரஸ்தாபித்ததும், என் சகதர்மிணி கேட்ட முதல் கேள்வி, "எந்த மாதத்தில்?" என்பதுதான். ஏற்காட்டிலிருந்து கிளம்பி, சேர்வராயன் கோவிலைத் தரிசித்துக் கரடியூர் வரை போய்த் திரும்புவது என் உத்தேசம். உபாத்தியாயனுக்குக் கோடையை விட்டால் வேறு காலம் ஏது? "சித்திரையில்" என்றேன்.

"குரங்கணியை மறந்துவிட்டீர்களா?"

வாயடைத்துப் போனேன். 2018 மார்ச் 11-ந் தேதி, தேனி ஜில்லாவின் அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடக்கப் போனவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தம்பதிகளும் அதில் உண்டு. காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் கால் ஈடாகுமா?

ஆகவே மாட்டுப் பொங்கலன்று புறப்படுவதென்று தீர்மானம். மழை ஓய்ந்து புல் பச்சையாயிருக்கும். தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் சமயம். வனத்துறையாரின் அனுமதியின்றிக் காட்டில் கால் வைப்பதில்லை. இரவில் ஊருக்குள்ளேயே தங்குவது. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி உயரமாதலால் கம்பளியும் அவசியம்.

பிறகு மூட்டை. ஒரு லிட்டர் ஜலம் ஒரு கிலோ கனம். ஆளுக்கு மூன்று லிட்டர் என்றதும் என் புஸ்தகங்கள் இரண்டும் வெளியேறின. முறுக்கு டப்பா மட்டும் அசையவில்லை. ஆக்ஷேபிக்க எனக்குத் தைரியமில்லை.

"வழிப்படம் என் பையிலும் ஒன்று இருக்கட்டும். உங்களுக்குக் கால் சுளுக்கினால் நான் யாரைக் கேட்பது?" என்றாள். பூகோளம் போதிப்பவனல்லவா? அன்றிரவே படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். கரடியூர் எங்கேயிருக்கிறதென்று அவள்தான் காட்டினாள்.