கொல்லைப்புறத்தில் ஒரு பிறந்தநாள்

குழந்தைகளின் பிறந்தநாள் என்றாலே ஹால், பலூன், கேக் என்று ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், கொல்லைப்புறத்தில் கூடாரம் போட்டு ஏழெட்டுப் பிள்ளைகளை ஓர் இரவு தங்க வைப்பது அதைவிட மேல். கூடாரம் இல்லையா? கொடிக்கயிறும் இரண்டு பழைய வேட்டியும் போதும்.

தமிழ்நாட்டுக்கு பிப்ரவரி நல்ல மாதம். மழை குறைவு. இரவு எட்டு மணிக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே ஓரியனின் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரியும். கொசுவலை கட்டிவிடுங்கள். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நடுராத்திரியில் ஏதாவது ஒரு பிள்ளை பயந்து அழும். "இவ்வளவு பெரிய பையனுக்குப் பயமா?" என்று பெரியவர்களே கேலி செய்வார்கள். அந்தக் கேலி மறுநாள் பள்ளிக்கூடம் வரை போகும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பின்பக்கக் கதவு தாழ்ப்பாள் போடாமல் இருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து படுக்கலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம். பாதிப் பயம் அதிலேயே போய்விடும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும்.

விடியும்வரை வெளியே இருந்தவனுக்கும் பத்து மணிக்கே உள்ளே போனவனுக்கும் காலையில் அதே இட்லிதான், அதே கேக்தான்.