மேடை ஏறாத கச்சேரி

மண்டபம் பேசியாகிவிட்டது. டிக்கெட் விற்றாகிவிட்டது. புதுப் பாட்டும் வெளிவந்துவிட்டது. ஐந்து பெண்கள் ஆடிப் பாடப் புறப்பட்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது.

இது 2020-ம் ஆண்டில் நடந்தது. அந்தப் பெண்கள் ‘புஸ்ஸிகேட் டால்ஸ்’ என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவினர். பூனைக்குட்டிப் பொம்மைகள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். பத்து ஆண்டுகள் பிரிந்திருந்து, மறுபடி ஒன்று சேர்ந்தவர்கள் அவர்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் ஓர் ஊரில்கூடக் கச்சேரி நடக்கவில்லை.

நோயினால் நின்றது என்று அறிவித்தார்கள். நோய் வந்தது உண்மைதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நோய் நிறுத்தி வைத்த இரண்டு ஆண்டுகளில் வேறு ஒரு சண்டையும் வெளியே வந்தது. அது பங்குச் சண்டை.

நமக்குத் தெரிந்த பாட்டு

இந்தக் குழுவின் பெயர் தெரியாதவர்களும் இவர்கள் பாடிய ஒரு பாட்டைக் கேட்டிருப்பார்கள். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு நம் ஏ.ஆர்.ரகுமான் இசை அமைத்தார். அதில் வந்த ‘ஜெய் ஹோ’ பாட்டு 2009-ம் ஆண்டு ஆஸ்கார் பரிசு வாங்கியது. ரகுமான் மேடையில் நின்று தமிழில் இறைவனுக்கு நன்றி சொன்னார். தமிழர் வீடுகளில் எல்லாம் அன்று மகிழ்ச்சி.

அந்த மெட்டுக்கு ஆங்கிலத்தில் வேறு வரிகள் எழுதினார்கள். அதைப் பாடியது புஸ்ஸிகேட் டால்ஸ் குழு. பிரிட்டனில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது. அமெரிக்கப் பட்டியலில் 15-ம் இடம்.

இசைத்தட்டின் மேல் பெயர் போட்டதில்தான் ஒரு சங்கதி இருக்கிறது. முதலில் ரகுமான் பெயர். அடுத்து குழுவின் பெயர். அதற்கும் அடுத்து, தனியாக, நிக்கோல் ஷெர்சிங்கர் என்ற ஒரே ஒருத்தியின் பெயர்! ஐந்து பேர் உள்ள குழுவில் ஒருவருக்கு மட்டும் தனிப் பெயர் போட்டால் மற்ற நால்வரின் மனம் எப்படி இருக்கும்? நம் ஊர் நாடகக் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. சுவரொட்டியில் யார் பெயர் பெரிய எழுத்து என்பதிலேயே உடைந்துபோன கம்பெனிகள் உண்டு.

பிறந்ததும் பிரிந்ததும்

குழுவை உண்டாக்கியவர் ராபின் ஆன்டின் என்ற பெண். நடனம் சொல்லிக் கொடுப்பவர். 1995-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு நடனக் குழுவாக இதைத் தொடங்கினார். அப்போது ஆட்டம்தான் முக்கியம். பின்னால் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி சேர்ந்துகொண்டது. நடனக் குழு பாட்டுக் குழுவாக மாறியது.

2005-ம் ஆண்டு முதல் இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. ‘டோன்ட் சா’ என்ற பாட்டு பிரிட்டனில் முதல் இடம் பிடித்தது. அமெரிக்காவில் இரண்டாம் இடம். அப்போது குழுவில் ஆறு பெண்கள். நிக்கோல் ஷெர்சிங்கர், கார்மிட் பாச்சார், ஆஷ்லி ராபர்ட்ஸ், ஜெசிக்கா சுட்டா, மெலடி தார்ன்டன், கிம்பர்லி வயட்.

ஆறு பேரில் நிக்கோலின் குரலே பாட்டுகளில் பெரும் பகுதி. மற்றவர்கள் பெரும்பாலும் ஆடுவார்கள், கூடப் பாடுவார்கள். நிக்கோல் ஹவாய்த் தீவில் பிறந்தவர். நல்ல சாரீரம் உள்ளவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கார்மிட் பாச்சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. அறுவைச் சிகிச்சை செய்து சரிப்படுத்தினார்கள். அப்படிப்பட்ட குழந்தை வளர்ந்து, உலகம் பார்க்கும் மேடையில் ஆடியது. அவரைப்போல் பிறந்த குழந்தைகளுக்கு உதவுவதில் பிற்காலத்தில் அவர் ஈடுபட்டார்.

கார்மிட் 2008-ம் ஆண்டு விலகினார். 2010-ம் ஆண்டு குழுவே கலைந்தது. அவரவர் வழி அவரவருக்கு. கிம்பர்லி வயட் 2015-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் பிரபலங்களுக்கான சமையல் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஆஷ்லி ராபர்ட்ஸ் லண்டனில் ரேடியோ அறிவிப்பாளர் ஆனார்.

மறுபடி கூடினார்கள்

2019-ம் ஆண்டு கோடையில் ‘ஸ்பைஸ் கேர்ள்ஸ்’ என்ற பழைய பெண்கள் குழு பிரிட்டனில் மறுபடி மேடை ஏறியது. பந்து விளையாடும் மைதானங்களில் கச்சேரி வைத்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. சிறு வயதில் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பெண்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்க அவர்கள் பணம் செலவழிக்கத் தயார்.

அதே ஆண்டு நவம்பர் மாதம் 30-ந் தேதி புஸ்ஸிகேட் டால்ஸ் குழுவும் லண்டன் டெலிவிஷனில் தோன்றியது. மெலடி தார்ன்டன் வரவில்லை. மற்ற ஐவரும் வந்தார்கள். பழைய பாட்டுகளோடு ஒரு புதுப் பாட்டும் பாடினார்கள். உடை மிகவும் குறைவு என்று ஒளிபரப்பு மேற்பார்வை அலுவலகத்துக்குப் பலர் புகார் எழுதினார்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் அந்த உடை தேவைதானா என்று பெற்றோர் கேட்டதில் தப்பு இல்லை. ஆனாலும் டிக்கெட் விற்பனை தொடங்கியது.

2020 பிப்ரவரியில் அந்தப் புதுப் பாட்டு, ‘ரியாக்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஏப்ரலில் பயணம் தொடங்க வேண்டும்.

மார்ச் 11-ந் தேதி, கொரோனா உலகக் கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 23-ந் தேதி பிரிட்டன் முழுவதும் ஊரடங்கு. மண்டபங்கள் பூட்டப்பட்டன.

கிழக்கும் மேற்கும்

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. விடிந்தால் கூத்து முடியும். பொழுது சாய்ந்தால் கூலி வேலை முடியும். 2020-ம் ஆண்டிலோ எந்தப் பக்கம் பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பெரிய கச்சேரி என்றால் பாடுகிறவர்கள் மட்டும் அல்ல. மேடை கட்டுகிறவர் இருக்கிறார். விளக்குப் போடுகிறவர் இருக்கிறார். ஒலிபெருக்கி பார்ப்பவர், லாரி ஓட்டுபவர், துணி தைப்பவர், கூட ஆடுபவர் என்று ஒரு பட்டாளமே பின்னால் வரும். இவர்களில் மிகப் பலர் கச்சேரி நடந்தால்தான் கூலி பெறுகிறவர்கள். கச்சேரியைத் தள்ளி வைத்தால் மண்டபத்துக்கு வேறு தேதி கிடைக்கும். அந்தக் கூலிக்காரருக்கு அன்றைய சாப்பாடு கிடைக்காது.

தேதி மாற்றுவதும் லேசு அல்ல. நின்றுபோன எல்லாக் கச்சேரிகளும் அதே சில மண்டபங்களைக் கேட்டன. இன்ஷூரன்சும் கைகொடுக்கவில்லை. கொரோனாவால் கச்சேரி நின்றால் பணம் தரும் இன்ஷூரன்சு கிடைப்பதே அரிதாயிற்று. கடைசியில் பிரிட்டிஷ் அரசாங்கமே தலையிட்டது. 75 கோடி பவுனுக்கு மேல் ஈடு கட்டும் திட்டம் ஒன்றை 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

புஸ்ஸிகேட் டால்ஸ் பயணம் முதலில் 2020 அக்டோபருக்குத் தள்ளிப் போயிற்று. பிறகு 2021-க்குத் தள்ளிப் போயிற்று. டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள்.

49-ஆ, 75-ஆ?

2021 ஜூலை 19-ந் தேதி இங்கிலாந்தில் மண்டபங்களுக்கு இருந்த தடை நீங்கியது. ‘ஸ்டெப்ஸ்’ என்ற பிரிட்டிஷ் குழு அந்த ஆண்டு நவம்பரில் பெரிய பெரிய மண்டபங்களில் பாடியது. ஆனால் புஸ்ஸிகேட் டால்ஸ் குழுவின் பெயர் மேடைக்குப் பதில் கோர்ட்டில் அடிபட்டது.

செப்டம்பரில் ராபின் ஆன்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிராளி நிக்கோல் ஷெர்சிங்கர். மறுபடி கூடும் தொழிலில் நிக்கோலுக்கு நூற்றுக்கு 49 பங்கு என்று பேசியிருந்ததாம். பிறகு அவர் 75 பங்கு கேட்டாராம். எல்லா விஷயத்திலும் கடைசி முடிவு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாராம். இல்லாவிட்டால் பயணத்துக்கு வரமாட்டேன் என்றாராம். இது ஆன்டினின் புகார். நிக்கோல் தரப்பு இதை மறுத்தது.

யார் சொன்னது சரி? அதைத் தீர்க்க வேண்டியது கோர்ட்டு. பத்திரிகை தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். பெயரும் குழுவும் ஆன்டின் உண்டாக்கியவை. ஊர் கேட்டது நிக்கோலின் குரலை. வீடு கட்டியவருக்கு உரிமை உண்டு. விளக்கு ஏற்றியவருக்கும் உரிமை உண்டு.

ஆனால் 49, 75 என்ற இந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். வழக்கு இரண்டு பேருக்கு இடையே. மேடையில் ஆட வேண்டியவர்கள் ஐந்து பேர். கார்மிட், ஜெசிக்கா, ஆஷ்லி, கிம்பர்லி ஆகிய நான்கு பேரும் அந்த வழக்கில் வாதிகளும் அல்ல, பிரதிவாதிகளும் அல்ல. அவர்களும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்கும்படி ஆயிற்று.

யாருக்கு முதலில் சொல்வது?

2022 ஜனவரி 7-ந் தேதி முடிவு வந்தது. கொரோனா நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் பயணம் ரத்து என்று நிக்கோல் இன்ஸ்டாகிராமில் எழுதினார். அப்போது ஒமிக்ரான் என்ற புது வகைக் கொரோனா வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆகவே காரணத்தைப் பொய் என்று தள்ள முடியாது.

ஆனால் கார்மிட் பாச்சாரும் ஜெசிக்கா சுட்டாவும் சேர்ந்து ஒரு பதில் எழுதினார்கள். ரத்தான செய்தியைத் தாங்களும் இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள். தங்களுக்கு முறைப்படி ஒரு தகவலும் வரவில்லை என்றும் சொன்னார்கள்.

இதுதான் இந்தக் கதையில் மனத்தைச் சுடும் இடம். டிக்கெட் வாங்கிய ரசிகையும், மேடையில் ஆட வேண்டிய பெண்ணும், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் செய்தி படிக்கிறார்கள்! கல்யாணம் நின்றுபோனதை மணப்பெண்ணின் தங்கை ஊரார் வாயால் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கொரோனா காலத்தில் எத்தனையோ கம்பெனிகள் மூடின. எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். இழப்பை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் இழப்பை முன்கூட்டிச் சொல்ல முடியும். ஒரு டெலிபோன் போதும். அதற்கு எந்த ஊரடங்கும் தடை இல்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு ஊருக்கு இரண்டாவது சொல்ல வேண்டும். நான்கு பேர் நடத்தும் பலகாரக் கடையிலும் இதுதான் முறை. உலகம் சுற்றும் பாட்டுக் குழுவிலும் இதுதான் முறை.

இன்னொன்றும் உண்டு. பங்குகளைப் பற்றிய பேச்சு ஒத்திகைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதம் டிக்கெட் விற்பதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். எழுதி முடித்திருந்தால், இரண்டு ஆண்டு அல்ல, மூன்று ஆண்டு தள்ளிப் போயிருந்தாலும், மண்டபம் திறந்த அன்று மேடை ஏறியிருக்கலாம்.

‘சுகாபேப்ஸ்’ என்று ஒரு லண்டன் பெண்கள் குழு. அதைத் தொடங்கிய மூன்று பெண்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். குழுவின் பெயர் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பல ஆண்டுகள் அலைந்து அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். பெயர் கைக்கு வந்த பிறகு, 2022-ம் ஆண்டு, அந்த மூவரும் பிரிட்டனில் ஊர் ஊராகப் பாடினார்கள். அதே நாடு. அதே கொரோனாவைத் தாண்டி வந்த மண்டபங்கள்.

பிறகு

நிக்கோல் ஷெர்சிங்கர் நாடக மேடைக்குப் போனார். ‘சன்செட் பூல்வார்டு’ என்ற இசை நாடகத்தில் வயதான சினிமா நடிகையாக நடித்தார். லண்டனில் 2024-ம் ஆண்டு சிறந்த நடிகைக்கான ஆலிவியர் பரிசு கிடைத்தது. 2025-ம் ஆண்டு நியூயார்க்கில் டோனி பரிசும் கிடைத்தது. அவருடைய திறமை பெரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உலகம் மறந்துவிட்ட ஒரு நடிகை, மறுபடி மேடை ஏறத் துடிப்பதுதான் அந்த நாடகத்தின் கதை.

டிக்கெட் வாங்கியவர்கள் பாடு வேறு. ரத்தான கச்சேரிக்கு டிக்கெட் விலையைத் திருப்பித் தருவது பிரிட்டனில் வழக்கம். ரயிலுக்குக் கட்டிய பணத்துக்கும் ஓட்டல் அறைக்குக் கட்டிய பணத்துக்கும் கச்சேரி நடத்துகிறவர்கள் பொறுப்பு அல்ல. அதைக் கேட்க வேண்டிய இடம் ரயில் கம்பெனியும் ஓட்டலும்தான். 2020 ஏப்ரலுக்கு வாங்கிய டிக்கெட்டை, சிலர் 2022 ஜனவரி வரைக்கும் மேஜை அறையில் வைத்திருந்தார்கள்.