நுரை வேணும், கை வேண்டாமோ?

போன மாதம் பூவரசங்குளத்தில் ஒரு சலூனில் இருந்தம். சின்னக் கடை. இரண்டு கதிரை, காத்திருக்க ஒரு வாங்கு, பழைய பேப்பர்கள், கண்ணாடிக்குக் கீழே ஒரு படிகாரக் கட்டி. மன்னார் வீதியால் பஸ் போகும்போது கண்ணாடி அதிரும். கடைக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கதிரையில் இருந்தவன் எங்கட ஆள்தான், எங்கட வயசு. "டேய், சைட்டைச் சரியா எடு. போனமுறையும் நீ ஏத்தி இறக்கி விட்டனி" என்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வாங்கில் நாங்கள் நாலு பேர் இருந்தம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு இரவே அவன் எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். எங்கேயோ வெளிநாட்டில் தோல் கதிரை போட்ட ஒரு கடை. சுடுதண்ணியில் நனைத்த துவாய், பிரஸ், கிண்ணம், வெண்ணெய் மாதிரித் திரண்ட நுரை. கீழே எழுதியிருந்தான்: "பாரம்பரியச் சவரம். இதெல்லாம் ஒரு கலை மச்சான்." எல்லாரும் ஹார்ட் போட்டினம். நாங்களும்தான்.

வெள்ளைக்காரன் செய்தால் கலை. பூவரசங்குளத்து மனிசன் செய்தால் "டேய்". இதைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுறம். அது கலைதான். எங்களில் ஒருவன் ஒரு வருசமாக சேஃப்டி ரேசரில்தான் முகம் வழிக்கிறான். முதல் நாள் அமத்தி வழித்துவிட்டு, தாடையில் மூன்று இடத்தில் கடதாசித் துண்டு ஒட்டிக்கொண்டு விரிவுரைக்கு வந்தவன். இப்போது எங்களுக்கே வகுப்பு எடுக்கிறான். முகத்தை இரண்டு மூன்று நிமிசம் தண்ணியில் ஊறவிட வேணும். ஈரம் குடித்த மயிர் இளகிவிடும், வெட்ட அதிகம் பலம் தேவையில்லை. குளிக்கிற சவர்க்காரத்தில் நுரை வரும், ஆனால் நிற்காது. முகம் வழிக்கிற சவர்க்காரத்தில் பொட்டாசியமும் ஸ்டியரிக் அமிலமும் கூட இருப்பதால் நுரை தயிர் மாதிரி இறுகி நிற்கும். பிரஸ்ஸை வட்டமாகச் சுழற்றினால் படுத்துக் கிடக்கிற மயிர் எழும்பும். பிளேட்டை ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் பிடிக்க வேணும். கையை அமத்தவே கூடாது, ரேசரின் பாரமே போதும். முதலில் மயிர் வளர்கிற பக்கமாக, பிறகு திரும்பவும் நுரை பூசிக் குறுக்காக.

காசுக் கணக்கிலும் இது நியாயம். 1971இல் இரண்டு பிளேட் வைத்த கார்ட்ரிட்ஜ் ரேசரை ஜில்லெட் இறக்கியது. 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. மயிர் அதே மயிர்தான், பிளேட் மட்டும் பெருகிக்கொண்டு போனது. சுருள் மயிர்க்காரருக்கு இது இன்னும் தொல்லை: தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட மயிர் உள்ளுக்குள்ளேயே வளைந்து பருவாக வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினபோது, பிளாஸ்டிக்கோடு எறிகிற அந்தத் தலைகளின் விலையைப் பார்த்துத்தான் எங்கட பெடியள் பலர் பழைய இரும்பு ரேசருக்குத் திரும்பினவை. அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை "பாரம்பரியம்" என்ற சொல்லோடு.

சேஃப்டி ரேசர் பாரம்பரியப் பொருளே இல்லை. கிங் கேம்ப் ஜில்லெட் அதற்குக் காப்புரிமை கேட்டது 1901இல், கிடைத்தது 1904இல். 1903இல் விற்றது 51 ரேசரும் 168 பிளேட்டும் மட்டும். முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு 35 இலட்சம் ரேசர் போனது. சவரக்கத்தி பிடிக்கத் தெரியாதவனும் யாரையும் எதிர்பாராமல் தன் முகத்தைத் தானே வழிக்கலாம் என்று ஆக்கியதுதான் அந்தக் கருவி செய்த பெரிய வேலை.

இது எங்கட மண்ணில் இன்னொரு அர்த்தமும் எடுக்கும். வடக்கில் முடிதிருத்துவோரின் வேலை, வேலையாக இருக்கவில்லை, குடிமையாக இருந்தது. இன்ன இன்ன வீடுகளுக்குப் போக வேணும். நல்லது கெட்டதுக்கு நிற்க வேணும். செத்த வீட்டில் கொள்ளி வைக்கிறவருக்கு முகம் வழிக்க வேணும். படலைக்குள் வா என்று கூப்பிடுவார்கள், விறாந்தையில் ஏற விடமாட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. தான் விரும்பிய ஆளுக்கு வேலை செய்யும் உரிமையும் இல்லை. ஒதுக்கப்பட்ட சாதிக்காரரின் முகத்தைத் தொட்டால் மற்ற வீடுகளின் பிழைப்புப் போகும். பஞ்சமர் என்று தள்ளிவைக்கப்பட்ட ஐந்து சாதிகளில் அவருடையதும் ஒன்று. ஆனாலும் மற்றவர்களைத் தள்ளிவைக்க அவருடைய கத்தியையே பாவித்தார்கள். ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே இன்னொரு ஒடுக்கப்பட்டவரை ஒடுக்கிய கெட்டித்தனம் அது.

பாரம்பரியம் பாரம்பரியம் எண்டு சொல்லுறீங்களே, அதின்ர முழுப் பெயர் இதுதான்.

சலூன் அந்தப் பாரம்பரியத்தை உடைத்த இடம். வீட்டுப் பின்பக்கத்தில் குந்தியிருந்து வழித்தவர், தனக்கென்று ஒரு கடை போட்டு, கதிரை போட்டு, விலைப்பலகை தொங்கவிட்டார். முதல் வந்தவர் முதல் இருப்பார், எல்லாருக்கும் ஒரே விலை. ஆனால் அந்தக் கதிரையில் எல்லாரும் இருக்கச் சட்டமும் தேவைப்பட்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பள்ளிக்கூடம், தேநீர்க்கடை, பொதுக்கிணறு ஆகியவற்றோடு சலூனையும் சொல்கிறது. சட்டத்தில் சலூனை எழுத வேண்டி வந்ததென்றால் சலூன் வாசலில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கோ. சட்டம் மட்டும் காணாமல்தான் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றார்கள்.

சலூன் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வர வேண்டிய ஆள் டொமினிக் ஜீவா. சாதி சொல்லி அவமானப்படுத்தப்பட்டதால் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். யாழ்ப்பாணத்தில் சலூனில் கத்தரிக்கோல் பிடித்துக்கொண்டே கதை எழுதினவர். அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" தொகுதிக்கு 1960இல் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் "மல்லிகை"யைத் தொடங்கினார். கஸ்தூரியார் வீதிச் சலூனிலிருந்து வெளிவந்த அந்த இதழில்தான் எங்கட எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் வளர்ந்தார்கள். 2021இல் இறக்கும்வரை தன் தொழிலை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. கலைப்பீடத்தில் ஈழத்து இலக்கியம் படிக்கிற நாங்கள் பரீட்சைத்தாளில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுறம். வெளியில் வந்து சலூனில் "டேய்" என்று கூப்பிடுறம்.

இனி எங்களுக்கு வரப்போகிற பதில்கள் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்பம்.

"வன்னியில சாதி இல்லை. எல்லாரும் அகதியாகி, எல்லாரும் ஒண்டாத்தான் மெனிக் ஃபார்மில லைனில நிண்டது." உண்மை, நின்றது உண்மை. வவுனியாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், நாலு தடவை ஐந்து தடவை இடம்பெயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கலியாணத் தரகரிடம் கேட்டுப் பாருங்கோ, சாதி இல்லாத ஊர் எது எண்டு. லைன் கலைந்ததோடு அந்த ஒற்றுமையும் கலைந்துபோனது. இயக்கக் காலத்தில் சாதி கதைக்கப் பயந்தார்கள். வாய் மூடினது, மனசு மாறவில்லை.

"நாங்கள் சாதியைச் சொல்லேல்ல, சும்மா பகிடிக்குத்தான்." அந்தத் தொழிற்சாதிப் பெயர் எங்கட பெடியளின் வாயில் ஒரு தூசணம். கிரிக்கெட்டில் பிடியை விட்டாலும் அது, முடி வெட்டினது சரியில்லாவிட்டாலும் அது. அந்தச் சொல்லை இங்கே நாங்கள் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அவர்களின் குப்பையைக் கிளறினால் என்ன வரும் என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறம். ஒரு தொழிலின் பெயர் வசையாக இருக்கும்வரை அந்தத் தொழிலைக் கலை என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

"காசு குடுக்கிறம்தானே." கதிரையில் இருக்கிறதுக்கும் வேலைக்கும்தான் அந்தக் காசு. "நீ" என்று கூப்பிடுவதற்கு விலைப்பலகையில் விலை போட்டிருக்கவில்லை.

"அவையே தங்கட பிள்ளையளை இந்தத் தொழிலுக்கு விடுகினம் இல்லை. கலை அழியுது." பிள்ளைகள் விட்டுப் போவது சரிதான். பிறப்பால் வந்த வேலையை விடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கலை அழியுது என்று உங்களுக்குக் கவலையென்றால் ஒரு வழி இருக்கு. தொழிற்பயிற்சி நிலையங்களில் NVQ சான்றிதழோடு சிகையலங்காரம் படிப்பிக்கிறார்கள். உங்கட தம்பியைச் சேர்த்துவிடுங்கோ. ஏன் முகம் சுருங்குது? வீடியோவில பார்க்கேக்க கலையா இருந்ததுதானே.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. வயசுக்கு மூத்தவரை "அண்ணை", "ஐயா" என்று கூப்பிடுங்கோ, மற்ற எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி. செத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் மற்றவர்கள் இருக்கிற கதிரையில் இருத்துங்கோ, அதே கோப்பையில் தேத்தண்ணி குடுங்கோ. மீதிக் காசை எறியாமல் கையில் குடுங்கோ, கையால் வாங்குங்கோ. ஆளுக்கொரு புது பிளேட் போடச் சொல்லிக் கேளுங்கோ, ஹெப்பட்டைட்டிஸ் பி பிளேட்டாலும் பரவும், அது உங்கட உரிமை. ஆனால் அதை டொக்டரிடம் கேட்கிற தொனியில் கேளுங்கோ. அவர் பிளேட்டைக் கடதாசியோடு மடித்து இரண்டாக முறித்துப் பிடியில் செருகுவதைக் கவனித்துப் பாருங்கோ. பிறகு அதே பிளேட் உங்கட தொண்டையில் ஓடும். முன்பின் தெரியாத மனிசர், பருவும் மச்சமும் தழும்பும் உள்ள தோல், நாள் முழுக்க, ஒரு கீறல் இல்லாமல். எங்கட பெடியன் தன் ஒரு முகத்தைப் பழகவே மூன்று மாதம் எடுத்தவன்.

வீட்டில் தானாக முகம் வழிக்கப் பழகுவது நல்லது. நாங்கள் அதை ஆதரிக்கிறம். பழகினால் அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரியவரும். ஆனால் பிரஸ்ஸையும் கிண்ணத்தையும் படம் பிடித்துப் போட்டுவிட்டு, அதே வேலையைச் செய்து பிழைக்கிற மனிசரை நிமிர்ந்து பார்க்காமல் வருவதென்றால், அந்த நுரையை முகத்தில் பூசாமல் கண்ணில் பூசியிருக்கிறம் எண்டுதான் அர்த்தம்.

மச்சான், நீ இதை வாசிப்பாய் எண்டு தெரியும். கோபம் வரும், வரட்டும். அண்டைக்கு நீ சொன்னதை விட, வாங்கில இருந்து நாங்கள் சொல்லாமல் விட்டதுதான் எங்களை இண்டைக்கும் குத்துது. அவரிட்ட அதைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை காலமை திரும்பவும் போறம். நீயும் வா. கதிரையில இருக்க முதல் ஒருக்கா "ஐயா" எண்டு கூப்பிட்டுப் பார்.